இறங்கும் இடம்

வெளிநாடு கிளம்புமுன் பயணத்தைத் திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காதவர்கள் இப்போது யார் இருக்கிறார்கள்? திருமாறனும் நியூசிலாந்துப் பயணத்தை ஓட்டிப் பார்த்தான். அவனையும் மனைவி பொன்மலரையும் குணம் முதற்கொண்டு அப்படியே உரித்து வைத்த இரண்டு உருவங்கள், அவன் போட்ட திட்டப்படி காரில் கிளம்பின.

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் திரைப் பொன்மலர். இறங்கிக் காட்டுக்குள் நடந்தவள் திரும்பவே இல்லை. கார் அவளில்லாமல் விமான நிலையம் போய்ச் சேர்ந்தது.

ஏரியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினான். மலையுச்சியில் இறங்கிப் போனாள். மலையை எடுத்தான், படகுச் சவாரியை எடுத்தான், கயிறு கட்டிக் குதிப்பதையும் எடுத்தான். கடைசியில் வெறும் நெடுஞ்சாலைதான் மிச்சம். அதிலும் வண்டிக்குச் சார்ஜ் போட நிறுத்திய இடத்தில் இறங்கிவிட்டாள். போகும்போது அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. இந்த வீட்டில் அவன் அதைப் பார்த்ததே இல்லை.

இதைப் பற்றி அவளிடம் அவன் மூச்சுகூட விடவில்லை. திரையை அணைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போனான். பொன்மலர் கம்பளிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பேசாம ஊட்டிக்குப் போய்ட்டு வந்துருவோமா?" என்றான்.

அவள் நிமிரவில்லை.

"ஏங்க, இந்தத் தடவ நான் எங்க இறங்குனேன்?"