அக்காவுக்கு வாய் நாறுகிறதாம்

"ஒரு கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட் பண்ணியிருக்காங்க. என் வாய் நாறுதாம்."

பார்லர் அக்கா காலையில் கடை திறந்ததும் வேலை பார்க்கும் பெண்களை எல்லாம் நிற்க வைத்து இதைச் சொன்னாள். முகத்தில் வெட்கமே இல்லை. ஷாம்பு தீர்ந்துபோச்சு என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

சிரிப்பை அடக்க முடியாமல் ஒருத்தி துண்டு மடிக்கப் போய்விட்டாள்.

புருவராணிக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

ஐப்ரோ பண்ணுவதில் அவளை அடிக்க அந்தக் கடையில் ஆளில்லை. பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு முகத்தின் மேல் குனிந்தாள் என்றால், வலி தெரிவதற்குள் புருவம் திருத்தமாகிவிடும். அப்பேர்ப்பட்டவள் கொஞ்ச நாளாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமாக வருகிறவர்கள்கூட, "இன்னைக்கு அந்தப் பொண்ணு பண்ணட்டுமே" என்று மழுப்பிவிட்டுத் தள்ளியிருந்த நாற்காலிக்குப் போனார்கள். சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். இப்படியே போனால் வேலையே போய்விடுமே என்று அவளுக்குக் கவலை வந்துவிட்டது.

காரணம் இப்போதல்லவா தெரிகிறது. அவள் நாற்காலி கல்லாவை ஒட்டினாற்போல் இருந்தது. அக்காவோ கல்லாவில் உட்கார்ந்து ஓயாமல் பேசுகிறவள்.

"அவங்க வாயால என் பொழப்பு போகுதுடி," என்று டீ குடிக்கும்போது மற்றவர்களிடம் பொரிந்து தள்ளினாள். பின்னால் அக்கா நின்றதை அவள் கவனிக்கவில்லை.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "மத்தியானம் பல் டாக்டர்கிட்ட போறேன். எனக்கு ஊசின்னா பயம். நீ துணைக்கு வா," என்றாள்.

டாக்டர் அக்காவின் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். பிறகு பாடம் எடுத்தார்.

"பல்லை மட்டும் தேய்ச்சா போதாது. நாக்கை, முக்கியமா பின்பக்கம், நல்லா வழிக்கணும். பல்லு இடுக்குல நூல் விட்டு எடுக்கணும். தண்ணி நிறைய குடிக்கணும். வாய் காஞ்சா நாத்தம் வரத்தான் செய்யும். மிட்டாய் போட்டு அடக்கறதெல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். இதுல கஷ்டம் என்னன்னா, அவங்கவங்க வாய் அவங்கவங்களுக்குத் தெரியாது. மூக்கு பழகிடும்."

"நல்லா கேட்டுக்கோங்கக்கா," என்றாள் புருவராணி.

"கேட்டுக்கிட்டேன். இவ்வளவு தூரம் வந்துட்டே, நீயும் ஒரு தடவை காட்டிடேன்."

மாட்டேன் என்றவளை அக்காவே பிடித்து உட்கார வைத்தாள்.

டாக்டர் அவள் வாயில் கொஞ்சம் அதிக நேரம்தான் செலவழித்தார். "ஈறு வீங்கியிருக்கு. கடைசிப் பல்லுல சொத்தை. தண்ணியே குடிக்கிறதில்லையா?"

"கஸ்டமரை உட்கார வெச்சிட்டு எப்படி டாக்டர் பாத்ரூம் போறது?"

"அதுக்காக வாயைக் காயப் போடறதா? பயப்பட ஒண்ணுமில்லை, சுத்தம் பண்ணி அடைச்சிடலாம். நல்லவேளை, இப்பவே வந்தீங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா மாதிரி ஆவதற்கு முன்னாலேயே தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து கடையில் புதுச் சட்டம் வந்தது. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு தண்ணீர் பாட்டில். ஒரு கஸ்டமர் எழுந்ததும் குடித்துவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். சாப்பிட்டதும் எல்லோரும் பல் தேய்க்க வேண்டும்.

"உங்களுக்குன்னா நாங்க எதுக்குக்கா தேய்க்கணும்?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

"நான் மட்டும் தேய்ச்சா கூச்சமா இருக்குடி. எனக்காகச் செய்யுங்க."

கொஞ்ச நாளில் பழைய முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. புருவராணிக்குச் சாப்பிட நேரமில்லை. "அக்கா வாய் சரியாச்சு, என் நாற்காலியும் நிறைஞ்சாச்சு," என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அக்காவைப் பெரிய மனது பண்ணி மன்னித்தும் விட்டாள். அக்கா எல்லாவற்றையும் சிரித்தபடி கேட்டுக்கொண்டாள்.

அன்று, நெடுநாளாக வராதிருந்த வங்கிக்காரம்மா வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா ஏதோ வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தாள்.

"உன் கை மாதிரி யாருக்கும் வராதும்மா. வேற இடத்துல போய்க் கெடுத்துக்கிட்டு வந்திருக்கேன், பாரு."

"நடுவுல ஏன் மேடம் வரலை?" நூலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "எங்க அக்கா வாய்தானே? அதெல்லாம் இப்ப சரியாயிடுச்சு. கம்ப்ளெய்ன்ட் பண்ணது நீங்கதானா?"

"நான்தான். போன் பண்ணிச் சொன்னேன். 'அது என் வாய்ங்க, அந்தப் பொண்ணு மேல தப்பில்லை, சரி பண்ணிடறேன்'னாங்க. நானும் சரின்னு வெச்சிட்டேன்."

அவர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டார். புருவராணி நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள். முதல் இழுப்பு இழுத்தாள்.

"இப்ப எவ்வளவோ தேவலைம்மா," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "ஆனா, நான் கடைசியா வந்துட்டுப் போன அன்னைக்கு உங்க அக்கா கடைக்கே வரலையே."