சுருதி போட்ட அடாப்டர்

ஸ்பீக்கர் பாட வாயைத் திறந்தாலே பின்னால் "ங்ங்ங்" என்று ஓர் இரைச்சல். அது ஸ்பீக்கருக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டரின் வேலை.

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்களேன். என் பாட்டு யாருக்கும் கேக்க மாட்டேங்குது."

"நான் சுருதி போடலேன்னா நீ எங்கடா பாடுவே?" என்றது அடாப்டர்.

வீட்டுக்காரி மங்கையர்க்கரசி ஸ்பீக்கருக்குப் புது அடாப்டர் வாங்கி மாட்டினாள். அன்று ஸ்பீக்கர் பாடிய பாட்டில் அடுப்பில் வைத்த பாலையே மறந்துவிட்டாள். பழைய அடாப்டர் மேசை விளக்கிடம் போய்ச் சேர்ந்தது.

"பாவம், சுருதியே இல்லாம பாடிக்கிட்டிருக்கான்," என்று விளக்கிடம் அங்கலாய்த்தது அடாப்டர்.

அதுவரை ஒரே சீராக எரிந்துகொண்டிருந்த விளக்கு, விட்டு விட்டு மினுக்கத் தொடங்கியது.

அடாப்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பரவாயில்லையே, நீ நல்லாத் தாளம் போடுறியே."