நடுவில் ஒரு கைதட்டல்

"நடுவுல கை தட்டி இந்த வருஷமும் என் மானத்த வாங்கிராத, கேட்டியா?" செகந்திராபாத் ஹாலுக்குள் நுழையும்போதே ஆசீர் எச்சரித்தார். "நான் எந்திரிச்ச பொறவுதான் தட்டணும். நடுவுல வர்ற மௌனமும் சங்கீதந்தான்."

ஜெயசுந்தரி தலையாட்டினாள். போன வருஷம் அவள் ஒருத்தி மட்டும் இடையில் தட்டியதற்கு, பியானோக் கலைஞரான கணவர் ஒரு வாரம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

அவர் வாசிக்க வாசிக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். திடீரென்று வாசிப்பு நின்றது. ஹாலே மூச்சடக்கிக் காத்திருந்தது.

ஜெயசுந்தரி படபடவென்று கை தட்டினாள்.

"நக்கோம்மா, நக்கோ!" என்று பக்கத்து நாற்காலிக்காரர் பதறித் தடுத்தார். அவள் எழுந்து நின்றே தட்டினாள். வேறு வழியில்லாமல் மற்றவர்களும் தட்ட, ஆசீர் எழுந்து வணங்கிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

அவளும் பின்னாலேயே ஓடினாள். அவர் கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு மறந்துபோச்சுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பதினோரு வருஷமா அடுப்படியில நின்னு கேக்கேன்லா? இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி கெடக்கு" என்றவள், அவர் விட்ட இடத்திலிருந்து மெல்லப் பாட ஆரம்பித்தாள்.