கணபதி கங்காணியின் பெயரில்

“எழுது தம்பி. கணபதி கங்காணி. எழுத்து பெருசா இருக்கட்டும்,” என்றாள் நல்லம்மா.

பெயின்டர் கஜேந்திரன் தூரிகையை நீலப் பெயின்டில் தோய்த்துவிட்டு, சுவரைப் பார்க்காமல் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கிருஷ்ணராஜைப் பார்த்தான்.

கிருஷ்ணராஜ் வானத்தைப் பார்த்தார்.

சுவர் புதுச்சுவர். தெமோதரைக்கு மேலே, ஏழாம் நம்பர் தேயிலை மலையின் நடுவில், இரண்டு கதவும் ஒரு தண்ணீர்த் தாங்கியுமாக நின்றது. கொழுந்து பறிக்கிற பெண்களுக்கென்று கட்டிய கக்கூஸ். தலைவர் மட்டும் அதை மலசலகூடம் என்றே சொல்லிவந்தார். பத்து மணிக்குத் தோட்டத்து மேனேஜர் துரை வந்து ரிப்பன் வெட்டுவார். இன்னும் அரை மணித்தியாலம்தான் இருந்தது.

  

கணபதி கங்காணி கிருஷ்ணராஜுக்குத் தாய்மாமன். தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர். முப்பது வருஷம் இந்த மலையில் பெண்களை வேலை வாங்கியவர். ஆறு மாதத்துக்கு முன்னால்தான் கிருஷ்ணராஜ் அவருடைய பாடைக்குத் தோள் கொடுத்தார். இப்போது அவர் பெயர் கக்கூஸ் சுவரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதா?

சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்து மாமா விட்டுப்போன சேமலாபப் பணம் முழுவதையும் நல்ல காரியத்துக்குக் கொடுக்கப்போகிறேன் என்று அத்தை நல்லம்மா சொன்னபோது, முதலில் கைதட்டியவரும் கிருஷ்ணராஜ்தான். அவர் மனதில் இருந்த நல்ல காரியம் வேறு.

கோயிலுக்கு மணி வாங்கலாம் என்றார்.

“ஏற்கனவே மூணு தொங்குது. எந்த மணிக்குத் திரும்பிப் பாக்குறதுன்னு மாரியம்மாளுக்கே குழப்பம்.”

வருஷத் திதிக்குத் தோட்டத்துக்கே சாப்பாடு போடலாம் என்றார்.

“மத்தியானம் திம்பாங்க. சாயங்காலம் உப்புக் கூடன்னு பேசுவாங்க.”

மரணச் சங்கத்துக்கு பிளாஸ்டிக் கதிரை?

“செத்தவன் உக்காரவா போறான்?”

பிறகு நல்லம்மா ஒரு வாரம் மலை மலையாக ஏறி இறங்கினாள். பறித்துக்கொண்டிருந்த ஒவ்வொருத்தியிடமும், ஒனக்கு என்னடி வேணும் என்று கேட்டாள். ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி, அத்தனை பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

கட்டியாகிவிட்டது. நல்ல காரியம்தான், யார் இல்லை என்றார்கள்? பெயரில்தான் வில்லங்கம்.

“அத்தை, கடைசியா ஒருக்கா சொல்றேன். ஒங்க பேரப் போடுங்க. இல்லாட்டி ‘ஒரு நலன்விரும்பி’ன்னு போடுவோம். மாமா பேரு வேணாம்.”

“அவரு காசுதானே?”

“காசு அவருதுதான். நாளைக்கி எவளாவது இங்கிட்டு வரும்போது, எங்கடி போறன்னு கேட்டா, கணபதி கங்காணிக்கிட்ட போறேன்னு சொல்லுவா. கேக்க நல்லாவா இருக்கும்?”

“சொல்லட்டுமே. அவரு உசிரோட இருக்கையில யாரும் விரும்பி அவருக்கிட்ட போனதில்ல.”

கஜேந்திரன் இருமுவதுபோலச் சிரித்தான். கிருஷ்ணராஜ் முறைத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி, வேறு வழியில்லாமல் எழுதப் போனான்.

“அடியில எழுது தம்பி,” என்றாள் நல்லம்மா. “மேல எடம் விடு.”

இதற்குள் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குமாக ஒவ்வொருவராகப் பாதைக்கு ஏறி வந்து நின்றார்கள். கங்காணியின் பெயர் எழுத்தெழுத்தாக முளைப்பதைப் பார்த்தார்கள்.  கேலி பேசுவார்கள் என்று பயந்திருந்த கிருஷ்ணராஜுக்கு, அவர்கள் பேசாமல் நிற்பது அதைவிடப் பயமாக இருந்தது.

“பேரு முடிஞ்சுதும்மா,” என்றான் கஜேந்திரன். “மேல ‘நினைவாக’ன்னு போடவா?”

“வேணாம். ‘போயிட்டு வாங்க’ன்னு போடு.”

கஜேந்திரன் தூரிகையைக் கீழே இறக்கினான். “‘சென்று வருக’ன்னு போட்டா எடுப்பா இருக்கும். டவுன் போர்டெல்லாம் அப்பிடித்தான் நான் எழுதுறது.”

“கங்காணி அப்பிடியெல்லாம் பேச மாட்டாரு. நான் சொன்னபடி எழுது.”

அவன் எழுதினான். நீலப் பெயின்ட் இரண்டு இடத்தில் வழிந்தது.

போயிட்டு வாங்க.
கணபதி கங்காணி.

பெண்கள் கூட்டத்தில் யாரோ அதைச் சத்தமாக வாசித்தார்கள். முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோரும், கூடைகள் குலுங்கக் குலுங்க. செசிலி மட்டும், பென்ஷன் வாங்கப் போகிற வயதுக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எதுக்குச் சிரிக்கிறீங்க?” என்றார் கிருஷ்ணராஜ்.

“ஆம்பளைங்களுக்கு இந்தக் கதை தெரியாது தலைவரே,” என்றாள் செசிலி. “ஒதுங்கணும்னு கையத் தூக்கினா, ஒங்க மாமா கடிகாரத்தப் பாத்துக்கிட்டே அரைநாள் சம்பளத்த வெட்டுவாரு. நெறமாசமா இருந்தாலும் வெட்டுதான். அந்தா நிக்கிற ஒங்க அத்தைக்கே வெட்டியிருக்காரு. முப்பது வருசமா அவரு வாயில இருந்து இந்த ரெண்டு வார்த்தைய எங்களால வாங்க முடியல.”

கிருஷ்ணராஜ் அத்தையைப் பார்த்தார். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே வளைவில் துரையின் ஜீப் சத்தம் கேட்டது.

செசிலி கூடையை இறக்கி கிருஷ்ணராஜின் கையில் கொடுத்தாள்.

“கங்காணியே சொல்லிட்டாரு,” என்று ரிப்பனுக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள்.

அவளுக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றார்கள். நல்லம்மா மூன்றாவது ஆள்.