வலிக்காத ஊசி

"கையெல்லாம் மிளகாய் விழுது. ஒட்டித்தான் ஆகணும்னா கால்ல ஒட்டிக்குங்க," என்று தரையில் உட்கார்ந்தபடியே கணவன் பக்கம் காலை நீட்டினாள் யோன்சில். அவளைச் சுற்றிலும் உப்பில் ஊறிய கோஸ். குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் முழுவதையும் இன்றைக்கே போட்டு முடிக்க வேண்டும்.

கணவன் தோங்சுப் தன் பையிலிருந்து ஒரு சின்ன ஒட்டுப்பட்டையை எடுத்தான். அதன் அடியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பொடி ஊசிகள். சர்க்கரை நோயாளிகள் இதை ஒட்டிக்கொண்டால் போதும், ஊசி தோலுக்குள் கரைந்து மருந்து உள்ளே போய்விடும். ஆனால் ஒட்டிப் பார்த்தவர்கள் எல்லோருமே வலிக்கிறது என்றார்கள். இன்னும் ஒருத்தர் அப்படிச் சொன்னால் வேலையையே நிறுத்திவிடுவதாக ஆய்வுக்கூட டைரக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் ஊசியைக் குட்டையாக்கி, புதிதாக வார்த்திருந்தான்.

"இதுல மருந்து கிடையாது. வெறும் ஊசிதான். பயப்படாதே."

"உங்களையே கட்டிக்கிட்டாச்சு. இனிமே பயப்பட என்ன இருக்கு?"

அவள் பாதத்தில் பட்டையை வைத்து நன்றாக அழுத்தினான்.

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. எனக்காகப் பொய் சொல்லாதே."

"எறும்பு ஊர்ற மாதிரிகூட இல்லீங்க. சத்தியமா."

"நிஜமாவா?"

"அட, எத்தனை வாட்டி கேப்பீங்க? அந்தப் பூண்டை இப்படித் தள்ளுங்க."

தோங்சுப்புக்கு அவளை அப்படியே தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது. பூண்டைத் தள்ளிவிட்டு, உதவியாளன் பியோவுக்குப் போன் போட்டான்.

"பியோ, ஜெயிச்சுட்டோம்டா. என் பொண்டாட்டிக்கு ஒட்டிப் பாத்துட்டேன். வலியே இல்லையாம்."

"எதை சார் ஒட்டினீங்க?" என்றான் பியோ. "புதுப் பட்டை இங்க என் மேஜை மேல இருக்கு. நீங்க எடுத்துட்டுப் போனது பழைய நீள ஊசி. நேத்து டைரக்டர் நாற்காலியை விட்டே எகிறிக் குதிச்சாரே, அது."

தோங்சுப் போனைக் கீழே வைத்துவிட்டு, பட்டையை மெல்ல உரித்தான். அது இருந்த இடத்தில் பொடிப்பொடியாக ரத்தம் துளிர்த்திருந்தது. அவள் கால் கட்டைவிரலைப் பிடித்துத் தன் நகத்தைப் பலங்கொண்ட மட்டும் அதில் அழுத்தினான்.

"இன்னொண்ணு ஒட்டணும்னா சீக்கிரம் ஒட்டுங்களேன்," என்றாள் யோன்சில், கோஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "எவ்வளவு நேரம் காலை இப்படிச் சும்மா நீட்டிக்கிட்டே இருக்கிறது?"