முகம் தெரியுமா?

"இருக்கிறதிலேயே விலை கம்மியான கேமரா இதுதான் மேடம். பட்டனை அழுத்தினா போதும், மத்ததை அதுவே பாத்துக்கும்," என்றார் கடைக்காரர்.

அவள் அதைக் கையில் வாங்கி, ஏதோ ஒரு பட்டனை அழுத்திப் பார்த்தாள்.

"முகம் தெளிவா விழுமாண்ணே?"

"வெளிச்சத்துல, பக்கத்துல நின்னா பளிச்சுன்னு விழும்."

"சாயங்காலம் ஆறரை மணிக்கு, முந்நூறு அடி தூரத்துல இருந்து எடுத்தா?"

பெரிய கேமராவைத் தலையில் கட்ட இதுதான் சமயம் என்று கடைக்காரர் உற்சாகமானார்.

"உண்மையைச் சொல்லிடறேன். அங்கதான் இது காலை வாரிவிடும். ஜூம் பண்ணினா படம் புள்ளி புள்ளியா சிதறிடும். பெத்த அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. அதுக்கெல்லாம் இந்தப் பெரிய மாடல்தான்..."

"எனக்கு இதேதான் வேணும்." கையில் பிடித்திருந்த கேமராவை அவள் கீழே வைக்கவேயில்லை.

"இவ்வளவு சொல்லியும் ஏன் மேடம் அடம் பிடிக்கிறீங்க?"

"இதே மாடல்ல, அதே நேரத்துல, அவ்வளவு தூரத்துல இருந்து எடுத்த படத்தைக் காட்டித்தான், குடோன்ல மூட்டை திருடினது என் வீட்டுக்காரர்னு சஸ்பெண்ட் பண்ணியிருக்காங்க. நாளைக்கு விசாரணை."

கடைக்காரரின் முகம் வெளுத்தது. "ஐயையோ, சாட்சி சொல்லவெல்லாம் நான் வர மாட்டேன்!"

"நீங்க எதுக்குண்ணே வரணும்?"

அவள் இன்னொரு பட்டனை அழுத்தி, கேமராவின் திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஓடிக்கொண்டிருந்த வீடியோவில் அவரேதான், "பெத்த அம்மாவுக்கே அடையாளம் தெரியாது" என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னது சரிதான். வெளிச்சத்துல, பக்கத்துல நின்னா முகம் பளிச்சுன்னு விழுது. பில் போடுங்கண்ணே."