வெறும் சர்க்கரை

பேராசிரியர் ஹார்ட்விக் உள்ளே நுழைந்ததும் ஹோமியோபதி டாக்டர் அல்முட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன புரொபசர், ‘எல்லாம் வெறும் சர்க்கரை உருண்டை’ன்னு ஜெர்மனி பூரா கட்டுரை எழுதினீங்க. இப்ப என்கிட்டயே வந்து நிக்கிறீங்க?”

“இப்பவும் அதையேதான் சொல்றேன். என் பொண்டாட்டி ஹெட்டி வாங்குவாளே, அதே உருண்டை ஒரு சீசா குடுங்க.”

“ஐயையோ, தெரிஞ்சிருச்சா? உங்களுக்குப் பயந்து ஒளிச்சு ஒளிச்சுல்ல வாங்குவாங்க!”

“எப்பவோ தெரியும். ராத்திரி அதை நாக்குக்கடியில வச்சுக்கிட்டுதான் முத்தம் குடுப்பா. தித்திக்கும். நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன்.”

அல்முட் சிரித்தபடி சீசாவை நீட்டினாள். “ஹெட்டியைக் கேட்டதாச் சொல்லுங்க.”

“அவளை அடக்கம் பண்ணி ஒரு மாசம் ஆச்சு டாக்டர். வீட்டுச் சர்க்கரையையும் நாக்குக்கடியில வச்சுப் பார்த்துட்டேன். அந்தத் தித்திப்பு அதுல இல்ல.”